ஒரே மாதிரி கேட்கும் ஆங்கிலச் சொற்கள்: எதைக் கவனித்துப் பிரிப்பது?

காவிரிக்கரை எழுதியது:

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். பக்கம் பக்கமாகப் பிழையில்லாமல் எழுதுவார்கள். கேட்டல் தேர்வு என்று வந்தால் மட்டும் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. தர்ட்டீன், தர்ட்டி. முடியும் என்பதற்கு கேன், முடியாது என்பதற்கு கேன்ட். விலையும் பிரைஸ், பரிசும் பிரைஸ். குளிருக்குப் போடுவதும் கோட், புல் மேய்வதும் கோட்.

"நன்றாகக் கவனித்துக் கேள்" என்று சொல்வதால் பயனில்லை. அவர்கள் கவனித்துத்தான் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தெளிவாகச்சொல் எழுதியது:

இதைப் பெரிய குறையாக்கிப் பிள்ளைகளின் மனத்தைக் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. "ஆடு புல் மேய்ந்தது" என்று கேட்டால் மேல்சட்டை மேய்ந்ததாக யாரும் நினைக்கப் போவதில்லை. சூழல் சொல்லிவிடும். ஸ்காட்லாந்துக்காரர் பேசுவது லண்டன்காரருக்குப் புரியவில்லை என்றால் அது யாருடைய குறை? நம் ஆங்கிலமும் ஓர் ஆங்கிலம். நாலு பேருக்கு விளங்கும்படி நிதானமாகப் பேசினால் போதும்.

மெய்யெழுத்து எழுதியது:

ஆட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் ப என்ற எழுத்து எந்த இடத்தில் வருகிறது என்பதே அதன் ஒலியைத் தீர்மானிக்கிறது. 'பத்து' என்னும்போது தொண்டை அதிர்வதில்லை. 'அம்பு' என்னும்போது அதிர்கிறது. 'உப்பு' என்று இரட்டித்தால் மறுபடியும் அதிர்வதில்லை. க, ட, த ஆகியவற்றுக்கும் இதுதான் கதை. இடத்தைப் பார்த்தே ஒலி தெரிந்துவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்துகள் தேவைப்படவில்லை.

இதை வைத்துக்கொண்டு தமிழ்க் காதுக்கு அந்த வேறுபாடே தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. ஒருவர் செய்த பாவத்தையும் நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவத்தையும் ஒரே மாதிரி எழுதி, இரண்டு விதமாகத்தான் சொல்கிறோம். பஸ் என்று எழுதிவிட்டு அதிரும் ஒலியில்தான் படிக்கிறோம். ஆகவே காது செவிடில்லை. தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதை நாம் தேடிக்கொண்டிருக்க, சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் முதலில் கேட்பது வேறொன்று: காற்று வீச்சு.

குண்டூசிக்கு ஆங்கிலத்தில் பின். குப்பைத் தொட்டிக்கும் பின், ஆனால் அதிரும் ஒலி. மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, லண்டனில் வளர்ந்தவர் ஒருவரைக் குண்டூசியைச் சொல்லச் சொல்லுங்கள். தாள் துள்ளும். குப்பைத் தொட்டியைச் சொல்லும்போது கிட்டத்தட்ட அசையாது. அதே தாளின் முன்னால் நீங்கள் 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் அசையாது. நாம் நம்முடைய 'பத்து' ஒலியை வைத்துக் குண்டூசி கேட்டால், அவர் காதில் குப்பைத் தொட்டி விழ வாய்ப்பிருப்பது இதனால்தான். இன்னொரு வியப்பு இருக்கிறது. ஸ்பின் என்ற சொல்லில் ஸ்-க்குப் பிறகு வரும் ஒலிக்கு அந்த வீச்சு கிடையாது. ஒலிப்பதிவில் முதலில் உள்ள ஸ்-ஐ மட்டும் வெட்டிவிட்டுப் போட்டால், ஆங்கிலேயருக்கே அது குப்பைத் தொட்டியாகத்தான் கேட்கும்.

கோட்டுக்கும் இதே சோதனைதான். மேல்சட்டைக்கு வீச்சு உண்டு, ஆட்டுக்குக் கிடையாது.

சொல்லின் கடைசியில் வரும் ஒலிக்கு விதி வேறு. முதுகைக் குறிக்கும் பேக், பையைக் குறிக்கும் பேக், விலை, பரிசு, இருக்கையைக் குறிக்கும் சீட், விதையைக் குறிக்கும் சீட். இவற்றில் கடைசி மெய்யை ஆங்கிலேயர் பல நேரம் முழுதாகச் சொல்வதே இல்லை. பாதியில் விழுங்கிவிடுவார்கள். அப்படியானால் அவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? முன்னால் உள்ள உயிரின் நீளத்தை வைத்து. கடைசி மெய் அதிராத ஒலியாக இருந்தால் உயிர் வெட்டுப்பட்டுக் குறுகும், அதிரும் ஒலியாக இருந்தால் நீளும். முதுகு குறுகும், பை நீளும். விலை குறுகும், பரிசு நீளும்.

இது நமக்குப் பெரிய வரம். குறில் நெடில் வேறுபாட்டில் ஊறிய காது நம்முடையது. படத்தையும் பாடத்தையும் தமிழ்க் குழந்தை குழப்பிக்கொள்வதில்லை. அந்தக் காதை ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யில் கட்டிப்போடாமல், அதற்கு முந்தைய உயிரின் மேல் திருப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். நம்மிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்க வராமல் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். பேக்கு, சீட்டு என்று சொன்னதும் முதுகும் பையும் ஒன்றாகிவிடுகின்றன. பேசும்போது அந்த உகரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

வார்டு ஏழு எழுதியது:

தெளிவாகச்சொல் அவர்களுக்கு ஒரு மறுப்பு. இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சூழல் சொல்லிவிடும் என்பது கதை கேட்கும்போது சரி. எண்ணுக்கும் பெயருக்கும் சூழல் கிடையாது. ஒரு மருந்தின் அளவு பதினைந்து மில்லிகிராமாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். இரண்டுமே நடைமுறையில் உள்ள அளவாக இருந்துவிட்டால், அந்த வாக்கியத்தில் உங்களைக் காப்பாற்ற வேறு ஒரு சொல்லும் இருக்காது.

அதனால்தான் வாய்மொழி உத்தரவு கொடுக்கும்போது ஃபிஃப்டீன் என்று சொல்லிவிட்டு, அதோடு "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்புத் துறையினர் வலியுறுத்துகிறார்கள். கேட்டவர் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் சரி என்ற பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும்.

மருந்துப் பெயர்களிலும் இது நடந்திருக்கிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், அமெரிக்காவில் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்தது. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசிமைடின் வணிகப் பெயர் லாசிக்ஸ். இரண்டையும் அமெரிக்க உச்சரிப்பில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கொடுக்கப்பட்ட நிகழ்வுகள் வந்ததால், 1990-இல் லோசெக்கின் பெயரையே அங்கே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் நோயாளி பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, ஒரே மாதிரி தோன்றும், ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்களைத்தான் முதலாவதாக வைத்தது. அந்தக் குழப்பங்களில் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் சிக்குகிறார்கள். அதை உங்கள் மாணவிகளிடம் சொல்லுங்கள். தங்கள் காதுதான் மட்டம் என்ற எண்ணம் போய்விடும்.

வான்வழி எழுதியது:

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறை இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. காதைத் திருத்துவதற்குக் காத்திருக்காமல் சொல்லையே மாற்றிவிட்டார்கள்.

பி, சி, டி, ஈ, ஜி, டி, வி எல்லாம் ஒரே ஈகாரத்தில் முடிகின்றன. இரைச்சலான வானொலியில் எது எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்று நீண்ட சொற்கள் வந்தன. இப்போதுள்ள பட்டியல் 1956 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் மூவருக்கும் விளங்குகிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை. எண்களையும் விடவில்லை. ஃபைவும் நைனும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் ஒன்பதை "நைனர்" என்றும், ஐந்தை "ஃபைஃப்" என்றும் சொல்ல வேண்டும். மூன்று "ட்ரீ". ஆங்கிலத்தின் அந்த 'த்' ஒலி உலகத்தில் பாதிப் பேருக்கு வராது என்பதை ஒப்புக்கொண்டு, ஆங்கிலேய விமானியும் ட்ரீ என்றே சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை இருந்தது. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று கீழிருந்து உத்தரவு போனது. இரண்டாயிரத்து நானூறு அடிக்கு இறங்கு என்பது பொருள். எண் இரண்டும் டூ, 'வரைக்கும்' என்ற பொருள் தரும் இணைப்புச் சொல்லும் டூ. விமானிகள் "நானூறு அடி வரைக்கும்" என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் "ஓக்கே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பிச் சொன்னதில் இரண்டு காணாமல் போயிருந்தது. கீழே அதை யாரும் பிடிக்கவில்லை. விமானம் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள்.

டூவையும் டூவையும் பிரிக்கக்கூடிய காது உலகத்தில் இல்லை. இணைப்புச் சொல்லை விழுங்காமல் சொல்லியிருந்தாலோ, "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று முழுதாகச் சொல்லியிருந்தாலோ அந்த இடத்தில் குழப்பத்துக்கே வழியிருந்திருக்காது. திருப்பிச் சொல்வதைக் கேட்பவரும் கடனுக்குக் கேட்கக்கூடாது. தான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்வார் என்று எதிர்பார்க்கும் காதுக்கு, எதிர்பார்த்ததுதான் கேட்கும்.

காவிரிக்கரை எழுதியது:

வான்வழி ஐயா, இதை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன்.

ஒரு துணைக்கேள்வி. டூ, டூ போல முற்றிலும் ஒரே ஒலியுள்ள சொற்கள் ஏன் ஆங்கிலத்தில் இவ்வளவு மண்டிக் கிடக்கின்றன? எழுத்தில் வேறு வேறாக எழுதிவிட்டு ஒன்றாகப் படிக்கிறார்களே என்று மாணவிகள் நியாயமாகவே கோபப்படுகிறார்கள்.

பழம்பதிப்பு எழுதியது:

எழுத்தில் வேறாக இருப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் ஒலியிலும் வேறாக இருந்ததுதான். இரவைக் குறிக்கும் நைட்டும் குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டும் இன்று ஒன்று. வீரனைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் எழுதும் க் ஒருகாலத்தில் ஒலித்தது. நடுவில் எழுதும் இரண்டு எழுத்துகளும் தொண்டையில் உரசும் ஓர் ஒலியாக இருந்தன. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லில் அந்த க் இன்றைக்கும் ஒலிக்கிறது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைய ஆரம்பித்தது. அதே நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. சந்திப்பதைக் குறிக்கும் மீட் ஒருகாலத்தில் ஏறத்தாழ 'மேட்' என ஒலித்தது. இறைச்சியைக் குறிக்கும் மீட்டில் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. முன்னது ஈகாரத்துக்கு ஏறிவிட்டது. பின்னதும் மெல்ல மெல்ல ஏறி அதனோடு கலந்துவிட்டது. கிரேட், பிரேக், ஸ்டேக் என்ற மூன்று சொற்கள் மட்டும் ஈகாரம் வரை ஏறாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. ஒரே எழுத்துக்கூட்டல் வைத்திருந்தும் அவை ஈகாரத்தில் ஒலிக்காததன் காரணம் அதுதான்.

எல்லா ஊரிலும் ஒரே சொற்கள் ஒன்றாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் ரகரத்தை விழுங்குவதால் குழம்பைக் குறிக்கும் சாஸும் மூலத்தைக் குறிக்கும் சோர்ஸும் ஒன்றே. நமக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் அவை வேறு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பலர் பேனாவையும் குண்டூசியையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

ஒன்ராறியோ வாசி எழுதியது:

மேலே எழுதியவர்கள் இங்கிலாந்தை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். வட அமெரிக்காவுக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். (எங்கள் ஈழத்து எழுத்துக்கூட்டலைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழ்நாட்டில் ட போடும் இடத்தில் நாங்கள் ர, ற போடுகிறோம். ஆங்கிலத்தின் அந்த ஒலி நாக்கை மடித்து வருவதில்லை, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வருகிறது. எங்கள் பேச்சில் வெற்றி, காற்று என்பவற்றில் அந்த இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

இங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவில் அந்த ஒலி வந்தால் நாக்கு மேட்டை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடும். எழுதியதில் இருப்பது ட்-ஆ அதிரும் ட்-ஆ என்பது அழிந்துவிடும். ஏணியைக் குறிக்கும் லேடரும் பின்னதைக் குறிக்கும் லேட்டரும் ஒன்றாகக் கேட்பது இதனால்தான். ஆனால் எழுத்தாளரைக் குறிக்கும் ரைட்டரையும் சவாரி செய்பவரைக் குறிக்கும் ரைடரையும் கனடாக்காரர் பிரித்துவிடுகிறார். எழுத்தாளருக்கு வரும் 'ஐ' கொஞ்சம் மேலே எழும்பி, 'அய்' என்பதைவிட 'எய்' பக்கம் சாய்ந்து, குறுகி ஒலிக்கும். மெய்யெழுத்து சொன்ன அதே விதிதான்: மெய்யைத் துரத்தாதீர்கள், அதற்கு முந்தைய உயிரைப் பிடியுங்கள்.

கேன், கேன்ட் பற்றி. பிரிட்டனில் தொந்தரவு குறைவு. தென் இங்கிலாந்தில் முடியாது என்பதை நீண்ட ஆகாரத்தோடு 'கான்ட்' என்பார்கள். இங்கே அப்படி இல்லை, கடைசி ட்-டும் தொண்டைக்குள் அடங்கிவிடும். அந்த ட்-டைத் தேடிக்கொண்டிருந்தால் ஏமாறுவீர்கள். முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு அழுத்தமே இருக்காது. 'க்ன்' என்று சுருங்கி, அடுத்து வரும் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். முடியாது என்னும்போது உயிர் முழுதாக, அழுத்தத்தோடு வரும். சுருங்கினால் முடியும், நிமிர்ந்தால் முடியாது.

தெளிவாகச்சொல் எழுதியது:

எண்களையும் மருந்துகளையும் பற்றிச் சொன்னது எனக்கு உறைக்கிறது. அந்த இடத்தில் சூழலை நம்ப முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தப் பயிற்சிகள் பல இடங்களில் "உன் பேச்சை அழித்துவிட்டு அவர்களைப் போல் பேசு" என்று முடிகின்றன. அப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட பெண்கள் வாயைத் திறக்கவே அஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். பேச அஞ்சும் செவிலியரால் நோயாளிக்கு ஆகப்போகும் நன்மை என்ன? வான்வழி சொன்ன "ட்ரீ" என் பக்கத்துச் சாட்சி. அங்கே பிறப்பால் ஆங்கிலம் பேசுபவரும் இறங்கி வந்திருக்கிறார்.

மெய்யெழுத்து எழுதியது:

அந்தக் கவலை எனக்கும் உண்டு. கேட்கக் கற்பது வேறு, பேச்சை மாற்றுவது வேறு. காவிரிக்கரை கேட்டது முதலாவதைப் பற்றி.

காது ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்டது. இந்தியில் பல்லில் நாக்கு படும் 'த'கர ஒலிக்கும் நாக்கு மடிந்து வரும் 'ட'கர ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்துக் கேட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனவற்றில் பெரும்பாலானவை பிரிக்கவில்லை. வீட்டு மொழிக்குத் தேவையில்லாததைக் காது ஒரு வயதுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கத் தொடங்கிவிடுகிறது. பல்லிக்கும் பள்ளிக்கும் வேறுபாடு கேட்காமல் தவிக்கும் வெள்ளைக்காரருக்கும் நம் மாணவிகளுக்கும் நிலைமை ஒன்றுதான்.

ஒதுக்கிவைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரிக்கச் சிரமப்பட்ட ஜப்பானியர்களுக்கு லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் நடத்திய பயிற்சி 1991-இல் வெளியானது. அதன் சாரம், ஒரே குரலைக் கேட்கவைக்காமல் பல ஆட்களின் குரலில், ஒலி சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வரும்படி சொற்களைக் கேட்கவைத்து, ஒவ்வொரு விடைக்கும் சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னது. காவிரிக்கரை, உங்கள் ஒலிப்பதிவில் எப்போதும் ஒரே அறிவிப்பாளர்தான் பேசுகிறார் என்றால், மாணவிகள் கற்றுக்கொள்வது அவருடைய குரலைத்தான். ஆண், பெண், முதியவர், வேகமாகப் பேசுபவர் என்று கலந்து கொடுங்கள். விடையை வகுப்பு முடிந்து சொல்லாமல் அந்தக் கணமே சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஒரே குரல்தான். மாற்றுகிறேன்.

இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. பதினைந்து, ஐம்பதுக்கு "பதினைந்தில் அழுத்தம் பின்னால் வரும்" என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஒலிப்பதிவில் பல நேரம் அப்படி வருவதில்லையே? அடுத்து, மேற்கைக் குறிக்கும் வெஸ்ட், உள்சட்டையைக் குறிக்கும் வெஸ்ட்.

மெய்யெழுத்து எழுதியது:

புத்தகம் சொல்வது தனியாகச் சொல்லும்போது உண்மை. வரிசையாக எண்ணும்போதும், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும்போதும் அழுத்தம் முன்னால் தாவிவிடும். "ஃபிஃப்டீன் மினிட்ஸ்" என்பதுதான் இருப்பதிலேயே கொடியது. அழுத்தம் முன்னால் போய்விட்டது, கடைசி ன் அடுத்து வரும் ம்-மோடு கலந்துவிட்டது. மிஞ்சுவது இரண்டு அடையாளங்கள்: பதினைந்தின் ஈகாரம் நெடில், ஐம்பதின் இகரம் குறில், பதினைந்தின் ட்-டுக்குக் காற்று வீச்சு உண்டு. அமெரிக்க உச்சரிப்பில் தர்ட்டி, ஃபார்ட்டி, எய்ட்டி மூன்றிலும் அந்த ட் வெறும் தட்டலாகிவிடும். தர்ட்டீனில் ஒருபோதும் ஆகாது. அது அங்கே நல்ல துப்பு.

வெஸ்ட்டுக்குக் கண்ணாலேயே விடை காணலாம். மேற்குக்கு உதடு குவியும், பல் எங்கும் படாது. உள்சட்டைக்கு மேல்பல் கீழுதட்டில் உட்கார்ந்து உரசும். நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, பல் உதட்டை நெருங்கும், உரசாது. பேசுபவரின் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வார்டு ஏழு எழுதியது:

முகக்கவசம் போட்டிருந்தால் வாயைப் பார்க்க முடியாது, தொலைபேசியிலும் முடியாது. அதனால் கேட்டல் பயிற்சியோடு சில கேள்வி வாக்கியங்களையும் நாக்கில் ஏற்றி அனுப்புங்கள். "சாரி?" என்று மட்டும் கேட்டால் சொன்னவர் அதே சொல்லை அதே மாதிரி இன்னும் உரக்கச் சொல்வார். "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?" என்று கேட்டால் அவர் வேறு சொற்களில் விடை சொல்லியாக வேண்டும். 'முடியுமா முடியாதா' குழப்பத்துக்கும் அப்படித்தான். "அவருக்குச் சாப்பிட அனுமதி இருக்கிறதா, அல்லது வெறும் வயிற்றோடு வைக்க வேண்டுமா?" என்று இரண்டு பக்கத்தையும் வைத்துக் கேட்க வேண்டும். மருந்துப் பெயரில் ஐயம் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எதற்குக் கொடுக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும். அமிலத்துக்கா சிறுநீருக்கா என்று தெரிந்துவிட்டால் லோசெக்கும் லாசிக்ஸும் குழம்பாது.

நான் வேலை பார்க்கும் வார்டில் இப்படிக் கேட்பவரை யாரும் தாழ்வாகப் பார்ப்பதில்லை. மருத்துவர்களும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.